மின்கம்பியின் அருகே ஒரு வீடு

பிழைப்பின் பொருட்டுத் திருவனந்தபுரத்தில் குடியேறும் நம்மவர், குறைந்த வாடகையில் வீடு கிடைத்ததென மகிழும்போதே, அருகில் உயர் அழுத்த மின்கம்பி செல்வதைக் கண்டு கலங்குகின்றனர். குழந்தைகளுக்கு நோய் வருமோ என்பதே அவர்தம் வினா.

இவ்வினா புதியதன்று. 1979-இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் நிகழ்ந்த ஆராய்ச்சி இதனை எழுப்பிற்று. 2002-இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம், மின்கம்பிகளைச் சூழும் காந்தப்புலத்தைப் ‘புற்றுநோய் விளைவிக்கக்கூடும்’ என்னும் ஐயப்பட்டியலில் சேர்த்தது. சராசரியாக 0.3 அல்லது 0.4 மைக்ரோடெஸ்லாவுக்கு மேற்பட்ட புலத்தில் வாழ்ந்த குழந்தைகளிடம் இரத்தப் புற்றுநோய் சற்று மிகுந்து காணப்பட்டதே காரணம். ஆயினும் அப்புலமே நோயை விளைத்தது என்பதற்குச் சான்று போதாது என 2007-இல் உலக சுகாதார நிறுவனம் உரைத்தது. சுவர் இப்புலத்தைத் தடுக்காது. ஆனால் தூரம் கூடக்கூட அது விரைந்து குன்றும். ஆகவே குழந்தைகளைக் கம்பியிலிருந்து விலகிய அறையில் உறங்கச் செய்க. அதற்குச் செலவில்லை.

ஐயமே இல்லாத அபாயம் ஒன்றுண்டு. மாவும் பலாவும் செறிந்த இவ்வூரில், ‘தோட்டி’ எனப்படும் துறட்டியை இரும்பில் செய்து கனி பறிக்கின்றனர். அது மின்கம்பியில் பட்டு மாண்டோர் பலர். கேரள மின்வாரியமும் எச்சரித்து வருகிறது. உயர் அழுத்தக் கம்பியாயின், தொடாமல் நெருங்கினாலே மின்சாரம் தாவும். இரும்பு ஏணியும் அத்தகையதே. அறுந்து விழுந்த கம்பியை அணுகாதீர். பிறரையும் விலக்கி, 1912 என்னும் எண்ணுக்கு உடனே அறிவியுங்கள்.

வீடு பார்க்கச் செல்லும் அன்பர்கள் கம்பியை நோக்குவதோடு, கொல்லையில் சாத்திய துறட்டியையும் நோக்குவார்களாக.