பிடித்த வரிக்கு மறுபடியும் நோட்டீஸா?



சம்பளத்தில் பிடித்த வரியை நிறுவனம் அரசுக்குக் கட்டாமல் விட்டாலும், பான் எண்ணைத் தவறாகப் பதிந்தாலும், நோட்டீஸ் வந்து விழுவது ஊழியரின் தலையில்தான். பிடித்த வரியை அவரிடம் மறுபடி கேட்கக் கூடாது என்று 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 205ஆவது பிரிவு தெளிவாகச் சொன்னது. வருமான வரித் துறையின் கணினிக்கோ, பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் இருப்பதுதான் வேதம். விளக்கம் எழுதினால் இணையதளம் பெற்றுக்கொள்ளும், நிலுவை அசையாது. அடுத்த ரீஃபண்டில் அதைக் கழித்தும் விடுவார்கள்.

2024 இடைக்கால பட்ஜெட்டில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், 2009-10 வரையிலான காலத்துக்கு 25,000 ரூபாய் வரையும், 2010-11 முதல் 2014-15 வரை 10,000 ரூபாய் வரையும் பழைய நிலுவைகளைக் கைவிடுவதாக அறிவித்தார். ஒரு கோடிப் பேர் பயனடைவார்கள் என்றார். அவற்றில் 1962ஆம் ஆண்டுக் கணக்குகளும் உண்டாம்! நல்ல முடிவுதான். ஆனால், சரிபார்க்காத நிலுவைகளை அத்தனை காலம் ஏட்டில் ஏற்றி வைத்திருந்தவர்கள் யார்?

இன்னொன்று. நாம் வரி கட்டத் தாமதித்தால் மாதத்துக்கு 1 சதவீத வட்டி. வரித் துறை ரீஃபண்ட் தரத் தாமதித்தால் அரை சதவீதம்.

வரியைப் பிடித்தவரிடம் முதலில் கேளுங்கள். அவர் பதில் சொல்லும்வரை ஊழியரின் ரீஃபண்டில் கை வைக்காதீர்கள்.

- ஓய்வுபெற்ற கணக்கர், திருச்சி