குடலில் ரத்தம் ஓடுகிறதா? காட்டுகிறது பச்சை ஒளி!

குடலில் புற்றுநோய் வந்தால், நோய் உள்ள பகுதியை டாக்டர்கள் வெட்டி எடுக்கிறார்கள். பிறகு இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைக்கிறார்கள்.

இந்தத் தையல் ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் ஆபத்து! குடலில் உள்ள அசுத்தம் வயிற்றுக்குள் கசியும். சீழ் பிடிக்கும். மறுபடியும் ஆபரேஷன் செய்ய நேரலாம். உயிர் போவதும் உண்டு.

தையல் ஒட்ட ரத்தம் வேண்டும். தண்ணீர் பாயாத வயலில் நாற்று பிடிக்குமா?

ரத்தம் வருகிறதா என்று அறிய, டாக்டர்கள் குடலின் நிறத்தைப் பார்ப்பார்கள். முனையை வெட்டும்போது சிவப்பு ரத்தம் கசிகிறதா என்று கவனிப்பார்கள். ஆனால், அனுபவம் உள்ள கண்ணும் சில நேரம் ஏமாந்துவிடும்.

பச்சைச் சாயம்

"இண்டோசயனின் கிரீன்" என்பது ஒரு பச்சைச் சாயம். 1950-களில் இதை உருவாக்கியது அமெரிக்காவின் கோடாக் கம்பெனி. ஆம், போட்டோ பிலிம் செய்த அதே கம்பெனிதான்! முதலில் இருதயம், ஈரல் சோதனைகளுக்கு இது பயன்பட்டது.

ஆபரேஷன் நடக்கும்போது இந்தச் சாயத்தை ஊசி மூலம் ரத்தக் குழாயில் ஏற்றுகிறார்கள். ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் அது குடலுக்கு வந்து சேரும். அதன்மீது அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சினால், சாயமும் ஒளி விடும். அந்த ஒளி வெறும் கண்ணுக்குத் தெரியாது. அதற்கென்று உள்ள காமிரா அதைப் பிடித்து, திரையில் பச்சையாகக் காட்டும்.

ரத்தம் ஓடும் இடம் பளிச்சென்று தெரியும். ஓடாத இடம் இருட்டு! இருட்டான பகுதியை வெட்டிவிட்டு, டாக்டர் நல்ல இடத்தில் தைப்பார்.

பலன் உண்டா?

ஜப்பானில் மலக்குடல் புற்றுநோயாளிகளிடம் நடந்த ஆராய்ச்சியின் முடிவு 2023-ல் வெளிவந்தது. ஒளி பார்த்துத் தைத்தவர்களில் 100-க்கு 7.6 பேருக்குக் கசிவு. பார்க்காமல் தைத்தவர்களில் 11.8 பேருக்குக் கசிவு.

அமெரிக்க ஆராய்ச்சியின் முடிவு 2021-ல் வந்தது. அதில் ஒளி பார்த்தவர்களுக்கு 9.0, பார்க்காதவர்களுக்கு 9.6. வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம். போதிய ஆட்கள் சேராததால் அந்த ஆராய்ச்சி இடையிலேயே நின்றுபோனது.

ஆகவே, இதை மந்திரக் கண்ணாடி என்று நம்பக் கூடாது. எவ்வளவு பச்சை இருந்தால் போதும் என்பதற்கு, எல்லோரும் ஏற்ற அளவுகோல் இன்னும் இல்லை. கசிவுக்கு ரத்தக் குறைவு மட்டும் காரணமும் அல்ல. தையல் இழுபட்டாலும் கசியும். சிகரெட் பிடிப்பவர்களுக்கு ஆபத்து அதிகம்.

என்றாலும், ஆசனவாய்க்கு அருகே தைக்கும்போது கசிவு அதிகம் நேர்கிறது. கருவி இருக்கும் ஆஸ்பத்திரியில், சில நிமிடங்களில் முடியும் இந்தச் சோதனையை அங்கே செய்யாமல் விடுவது சரியல்ல.

ஒரு விஷயம். இந்தச் சாய மருந்தில் அயோடின் கலந்திருப்பது உண்டு. அயோடின் ஒத்துக்கொள்ளாதவர்கள், ஆபரேஷனுக்கு முன்பே அதை டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.