ஓடுவது ரத்தமல்ல

ஒலிம்பிக் வந்தால் போதும், டீக்கடை பெஞ்சிலிருந்து தொலைக்காட்சி வரை ஒரே பேச்சு. 'கறுப்பன் பொறக்கும்போதே ஓட்டக்காரன். அவன் ரத்தம் அப்படி. நம்ம இந்தியன் உடம்புக்கு அது வராது.' கேட்க விஞ்ஞானம் மாதிரி இருக்கும். நகத்தால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே மனுதர்மம் பல்லிளிக்கும். பிறப்பை வைத்துத் தொழிலைப் பிரித்தவன் இன்றைக்குப் பிறப்பை வைத்து விநாடியைப் பிரிக்கிறான்.

இதே பேச்சைப் பாராட்டுப் போல எங்கள் தலையிலும் கட்டுகிறார்கள். திமிரிப் பக்கம் நான் படித்த பள்ளியில் (பேர் எதற்கு?) ஓட்டத்தில் முதலாக வந்தேன். வாத்தியார் முதுகில் தட்டினார். 'உங்க ஆளுங்களுக்கு இன்னாடா, ஓட்டம் ரத்தத்துலயே கீது' என்றார். மாவட்டப் போட்டிக்கு ஆணி வைத்த ஷூ ஒரே ஒரு ஜோடி இருந்தது. அது ஊர்த்தெருப் பையன் காலுக்குப் போச்சு. எனக்குத்தான் ரத்தம் இருக்கே, ஷூ எதுக்கு?

எங்கள் ரத்தத்தில் ஓட்டம் எப்படி வந்ததாம்? எங்க பாட்டன் ஓடினார், நிசம்தான். ஊரில் பெரிய வீட்டில் சாவு விழுந்தால், சொந்தக்காரன் இருக்கிற ஊருக்கெல்லாம் சேதி கொண்டுபோக வேண்டியது சேரி ஆள். ராத்திரியா, மழையா என்று கேட்க முடியாது. கூலியும் கிடையாது. போகிற ஊரில் தெருவுக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றிக் கையில் பிடிக்க வேண்டும். அந்த ஓட்டத்துக்கு எவன் கடிகாரம் பிடித்தான்? அதற்குப் பேர் பிறவிக்குணம் இல்லை அய்யா, வெட்டி வேலை.

சரி, உலகக் கணக்குக்கு வருவோம். ஆண்கள் 100 மீட்டரில் உலகத் தடகள அமைப்பு ஏற்றுக்கொண்ட முதல் சாதனை 1912இல், ஸ்டாக்ஹோமில். ஓடியவர் டொனால்ட் லிப்பின்காட், அமெரிக்க வெள்ளையர். நேரம் 10.6 விநாடி. 2009இல் பெர்லினில் ஜமைக்காவின் உசேன் போல்ட் ஓடியது 9.58. இடையில் 97 வருஷம். குறைந்தது ஏறக்குறைய ஒரே ஒரு விநாடி.

அந்த ஒரு விநாடியைக் குறைத்தது யார்? 97 வருஷத்தில் மனுஷ ரத்தம் மாறிவிட்டதா? மாறியது தரை. மாறியது ஷூ. மாறியது சோறு. 1936 ஜூனில் ஜெஸ்ஸி ஓவன்ஸ் 10.2 ஓடியபோது காலுக்கு அடியில் கரித்தூள் பாதை. காலை ஊன்ற, சின்னக் கரண்டியால் அவரே குழி தோண்டிக்கொண்டார். காலை முட்டுக்கொடுத்துக் கிளம்புகிற கட்டைக்கு அனுமதி கிடைத்ததே 1937இல்தான். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் கரித்தூள் போய்ச் செயற்கைத் தளம் வந்தது. கடல் மட்டத்துக்கு மேலே 2240 மீட்டர், காற்றும் மெலிசு. ஜிம் ஹைன்ஸ் 9.95 ஓடினார். 1977 முதல் கையால் அழுத்துகிற கடிகாரம் செல்லாது, மின்கடிகாரம் மட்டுமே என்றார்கள். ஆக, 'ரத்தத்தின் வரலாறு' என்று எதைச் சொல்கிறார்களோ, அதில் பாதி தரையின் வரலாறு.

மீதிப் பாதி, யாரைக் கோட்டுக்கு வர விட்டார்கள் என்கிற வரலாறு. ஓவன்ஸின் பாட்டன் அடிமை. அப்பன் அலபாமாவில் வாரத்துக்குப் பயிர் வைத்தவர். பெர்லினில் நாலு தங்கம் வாங்கி வந்தவருக்கு நியூயார்க்கில் பெரிய ஓட்டலில் வரவேற்பு. ஆனால் மாடிக்குப் போக அவருக்குக் கிடைத்தது சரக்கு ஏற்றுகிற லிஃப்ட். அப்புறம் வயிற்றுப்பாட்டுக்குக் குதிரையோடு போட்டி போட்டு ஓடினார். ஹிட்லரை மட்டும் திட்டுகிறவர்கள் இந்த லிஃப்டைப் பற்றி வாய் திறப்பதில்லை. இது எங்களுக்குத் தெரிஞ்ச லிஃப்ட்தான். இங்கே அதற்குப் பேர் ரெட்டை டம்ளர்.

ரத்தக் கதை பேசுகிறவர்களிடம் இன்னும் ரெண்டு கேள்வி. 200 மீட்டரில் 1979இல் 19.72 ஓடி, 1996 வரை உலக சாதனையை வைத்திருந்த பியத்ரோ மென்னியா யார்? இத்தாலிய வெள்ளையர். 2021 டோக்கியோவில் 100 மீட்டரை 9.83இல் ஓடிய சு பிங்டியன் யார்? சீனர், ஆசியாக்காரர். இவர்கள் ரத்தத்தை எந்தக் குப்பியில் ஊற்றுவீர்கள்?

ஜமைக்காவைப் பார்க்கலாம். கரும்புத் தோட்டத்தில் அடிமைகளாக இறக்கப்பட்டவர்களின் வாரிசுகள். முப்பது லட்சம்கூடத் தேறாத ஜனம். அங்கே பள்ளிப் பிள்ளைகளின் தடகளப் போட்டி 1910 முதல் நடக்கிறது. அதைப் பார்க்க நம்ம ஊரில் ரஜினி படத்துக்குச் சேருகிற மாதிரி கூட்டம் சேரும். உடற்பயிற்சி ஆசிரியர்களை உருவாக்கவே 1980இல் ஒரு கல்லூரி திறந்தார்கள். கட்டிக் கொடுத்தது கியூபா. போல்ட் வானத்திலிருந்து குதிக்கவில்லை. ஒரு கிராமத்துப் பையன் ஓடினால் அதைப் பார்க்க ஒரு வாத்தியாரும், அளக்க ஒரு கடிகாரமும் அந்த நாட்டில் இருந்தன.

இந்தியாவில்? 2025 ஜூலையில் அனிமேஷ் குஜூர் கிரீசில் 10.18 ஓடினார். 10.2க்குக் கீழே ஓடிய முதல் இந்தியர். சத்தீஸ்கர் ஆதிவாசி. சைனிக் பள்ளியில் படித்தவர், ஒடிசாவில் முறையான பயிற்சி எடுத்தவர். தரையும் பயிற்சியும் கிடைத்ததும் ஓடிக் காட்டினார். ஹைன்ஸ் பத்து விநாடிக்குக் கீழே ஓடி அப்போது 57 வருஷம். அத்தனை காலமும் பத்தைத் தாண்டி உள்ளே போக இந்தியாவில் ஆள் இல்லையா? ஆள் இருந்தான். சேரியில் இருந்தான், காட்டில் இருந்தான், கல் அறுக்கிற சூளையில் இருந்தான். தேடத்தான் ஆள் இல்லை. ஜனத்தொகையில் பெரும்பகுதியைக் கோட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு, மிச்சம் இருக்கிறவனை ஓடவிட்டு, 'இந்தியன் உடம்புக்கு வராது' என்று தீர்ப்பு எழுதுகிறான். இந்தியன் உடம்பு என்றால் யார் உடம்பு?

எங்கள் வட்டாரத்தில் இந்தக் கேள்வி காலில் குத்தும். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி. தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோலை இழுக்கிறது யார்? விடிய முன்னே கம்பெனி பஸ் ஏறிப்போய் ஷூவுக்கு அப்பர் தைக்கிறது யார்? எங்க அண்ணன், எங்க அக்கா. உலகத்துக் காலுக்கெல்லாம் இங்கிருந்து ஷூ போகிறது. தைத்தவள் பிள்ளை விளையாட்டு விழாவில் வெறுங்காலோடு முள்ளு மேல ஓடுது. தோலைத் தொட்டால் தீட்டு, ஷூவைப் போட்டால் கௌரவம். இது எந்த ஊர் நியாயம்?

1968 மெக்சிகோவில் 200 மீட்டரை 19.83இல் ஓடி உலக சாதனை படைத்த டாமி ஸ்மித் மேடை ஏறும்போது ஷூவைக் கழற்றிவிட்டு வெறும் கறுப்பு சாக்ஸோடு நின்றார். தன் ஜனத்தின் வறுமையைக் காட்ட. கறுப்புக் கையுறை போட்ட முஷ்டியை உயர்த்தினார். அணியிலிருந்து துரத்தினார்கள். கவனியுங்கள் தோழர்களே, அவர் கழற்றியது அவராக எடுத்த முடிவு, கலகம். எங்களைக் கழற்ற வைத்தது சாதி. வெறுங்கால் ஒன்றுதான், அர்த்தம் வேறு.

ஆகவே 'உங்க ரத்தம்' என்று எவன் பாராட்டினாலும் வாங்கிக்கொள்ளாதீர்கள். ரத்தத்தால் ஓட்டக்காரன் என்று ஒப்புக்கொண்டால், ரத்தத்தால் தோட்டி என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கடிகாரம் சாதி பார்க்காது. ஆனால் கடிகாரம் வரைக்கும் போகிற வழி பூராவும் சாதி உட்கார்ந்திருக்கிறது. 1927இல் மகாடில் அம்பேத்கர் இறங்கியது பொதுக்குளத்தில். பொது மைதானமும் அப்படித்தான். இறங்காமல் நம்முடையது ஆகாது.

கிராம சபையில் எழுந்து கேளுங்கள். விளையாட்டு மைதானப் புறம்போக்கு எங்கே, யார் வைக்கோல் போர் போட்டு வைத்திருக்கிறான்? ஆதிதிராவிடர் நலப் பள்ளிக்கு உடற்பயிற்சி ஆசிரியர் எங்கே? பிள்ளைக்கு ஷூ எங்கே, முட்டை எங்கே? முள் இல்லாமல் 100 மீட்டர் நேரான மண். அதைக் கொடுத்துவிட்டு, அப்புறம் ரத்தத்தைப் பற்றிப் பேசு.