சேர்ந்தோர் கணக்கும் தேறினோர் கணக்கும்



தபால்வழிக் கல்வியின் காலம் போயிற்றென்றும், இனி யாவும் இணையவழியே என்றும், இவ்வாண்டு எங்கள் கலாசாலையிற் சேர்ந்தோர் தொகை பன்மடங்கு பெருகிற்றென்றும் முழங்கும் விளம்பரங்கள் நாடோறும் நம் கைத்தொலைபேசிக்கு வந்து சேர்கின்றன. யாம் ஒரே ஒரு கேள்வி கேட்கின்றோம்: சேர்ந்தோர் இத்தனை பேர் என்கின்றீர்களே, தேறினோர் எத்தனை பேர்? இதற்கு விடை தரும் விளம்பரத்தை யாம் இன்னும் கண்டிலோம். விதைத்த படியை அளந்துகாட்டி, இதுவே விளைச்சல் என்பாரும் உளரோ?

அச்சுத்தாளைக் கட்டிக்கொண்டு அழுவது எமது கருத்தன்று. தபாலிற் சென்ற விடைத்தாள் திருத்தப்பெற்று மீள்வதற்குள் பாடங்கள் இரண்டு கடந்துபோகும். இரவில் எழுந்த ஐயத்தைக் கேட்பதற்கு ஆளிராது. இக்குறைகளை இணையம் நீக்கவல்லது. ஆகவே மாற்றம் வேண்டாவென்பார் கட்சியில் யாம் இல்லை. மாற்றத்தின் பெயரால், பழைய பாடத்தாளைப் படமெடுத்துத் திரையிற் போட்டுவிட்டு, ஆசிரியரை மட்டும் மெல்ல நீக்கிவிடும் வியாபாரத்தையே யாம் கண்டிக்கின்றோம்.

பழைய வரலாற்றைச் சிறிது நோக்குவோம். எங்கிருந்து படித்தோரும் தன் பரீட்சையை எழுதலாமென்று 1858-இல் லண்டன் சர்வகலாசாலை கதவைத் திறந்தது. பெருஞ்செயலே! ஆயினும் வெளியிலிருந்து படித்தோர்க்கு அது பரீட்சை வைத்ததேயன்றிப் பாடம் கற்பிக்கவில்லை. அக்குறையை நிரப்பவே தனியார் தபால்வழிக் கலாசாலைகள் தோன்றின. 1887-இல் கேம்பிரிட்ஜில் எழுந்தது அவற்றுள் ஒன்று. கதவு திறந்தால் மட்டும் போதாது, உள்ளே கற்பிப்பார் ஒருவர் இருத்தல் வேண்டுமென்பது அன்றே விளங்கிய உண்மை.

பின்னர், 1963-இல் ஹரால்ட் வில்சன் ‘வான்வழிச் சர்வகலாசாலை’ என்னும் எண்ணத்தை வெளியிட்டார். அதுவே பிரித்தானியத் திறந்தவெளிச் சர்வகலாசாலையாக 1969-இல் பட்டயம் பெற்று, 1971-இற் பாடம் தொடங்கியது. தொலைக்காட்சியே அங்குக் கற்பித்ததென்று பலர் எண்ணுவர். அன்று! தபாலிற் சென்ற நூல்களும், மாணாக்கரின் கட்டுரைகளைத் திருத்திக் குறிப்பெழுதிய ஆசிரியருமே அதன் முதுகெலும்பு. அதன் இரவுநேரத் தொலைக்காட்சிப் பாடங்கள் 2006-இல் நின்றன, சர்வகலாசாலை நிற்கவில்லை. கருவி மாறிற்று, திருத்தும் கை மாறவில்லை. அதே 1971-இல் நம் பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் சர்வகலாசாலையும் தொலைக்கல்வியைத் தொடங்கிற்று. வேலையை விடாது வீட்டிற் படித்தோர், பினாங்கு சென்று ஆசிரியரை நேரிற் கண்டு பாடங்கேட்கவும் அதில் இடமிருந்தது.

இனி மறுபுறம் நோக்குக. 2011-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் சர்வகலாசாலை ஆசிரியர் இருவர் செயற்கை நுண்ணறிவுப் பாடமொன்றை இணையத்தில் இலவசமாக வைத்தனர். சேர்ந்தோர் ஏறத்தாழ 160,000. முடித்தோர் ஏறத்தாழ 23,000. எழுவரில் ஒருவரே கரை சேர்ந்தனர். இலவசமாதலின் ஏனையோர் இழந்தது நேரம் மட்டுமே. நம்மவர் இழப்பதோ கடன் வாங்கிக் கட்டிய கட்டணம்!

அதனினும் பெரிய இழப்பொன்று உண்டு. தோட்டத்திற் பிறந்து, தொழிற்சாலையில் இரவுமுறை வேலை செய்து, விடியலிற் பாடம் படிக்கும் பெண்ணொருத்தி, ஐயங்கேட்டு எழுதிய கடிதத்துக்கு விடை வாராமையால் இடையில் நிற்கின்றாள். அவள் கலாசாலையைப் பழிப்பதில்லை. ‘எனக்குப் படிப்பு ஏறாது’ என்று தன்னையே பழிக்கின்றாள். நாளை தன் பிள்ளைக்கும் அதனையே சொல்வாள். அந்தோ! கலாசாலையின் குற்றம் ஒரு குடும்பத்தின் தலையெழுத்தாகிவிடுகின்றது.

ஆகவே யாம் கோருவன இவை. ஒவ்வொரு மாணாக்கர்க்கும் பெயர் தெரிந்த ஓர் ஆசிரியர் வேண்டும். அனுப்பிய விடைத்தாள் பத்து நாளுக்குள் குறிப்புடன் மீளல் வேண்டும். இரு வாரம் பாடத்தைத் திறவாதவர் யாரென்று கணினியே காட்டுமாதலின், அவரை ஒருவர் அழைத்து விசாரித்தல் வேண்டும். அச்சுநூல் கேட்பார்க்கு அதனை மறுத்தலாகாது. சபாவில் மாணவி ஒருத்தி இணையத் தொடர்புக்காக மரத்தின்மேல் ஏறிப் பரீட்சை எழுதியது 2020-இல் நாடறிந்த செய்தி. இறுதியாக, சேர்ந்தோர் தொகையை வெளியிடும் இடத்திலேயே தேறினோர் தொகையையும் வெளியிடல் வேண்டும்.

கட்டணம் கட்டுமுன் இவற்றைக் கேளுங்கள். அப்பாடம் மலேசியத் தகுதி முகமையின் பதிவேட்டில் உள்ளதா என்று பாருங்கள். நம் சங்கங்களும் மன்றங்களும் விழாப் பந்தலுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கையேனும் ஒதுக்கி, இணையத் தொடர்பும் மேசையும் விளக்கும் உள்ள படிப்பறை ஒன்றை இரவில் திறந்து வைக்கட்டும். நம் மக்கள் சேர்ந்தால் மட்டும் போதாது. தேறி வெளிவருதல் வேண்டும்.