ரவுட்டரில் புகும் அந்நியக் கட்டளை

இருக்கன்குடியில் அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுகின்றன. கூடிய பின்னர் இது இன்ன ஆற்றின் நீர் என்று பிரித்தறிய எவராலும் இயலாது. ஆறுகளுக்கு இது இயல்பு. ஆனால் நம் கடைகளிலும் காரியாலயங்களிலும் இன்டர்நெட்டைக் கொணரும் ரவுட்டர் என்னும் சிறு பெட்டிக்குள் இத்தகைய கலப்பு நிகழுமாயின், அது பெரும் அபாயமாகும்.

ரவுட்டருக்கு ஒரு நிர்வாகப் பக்கம் உண்டு. ஒரு விலாசத்துக்கு வழி திறந்திருக்கிறதா என்று சோதிக்க விரும்புவோர், அப்பக்கத்திலுள்ள கட்டத்தில் விலாசத்தை எழுதுவர். அசிரத்தையாய்ச் செய்யப்பட்ட பெட்டி, எழுதியதை அப்படியே தன் கட்டளையோடு ஒட்டி நிறைவேற்றுகிறது. வஞ்சகன் ஒருவன் விலாசத்தை அடுத்து ஓர் அரைப்புள்ளியிட்டு வேறொரு கட்டளையையும் எழுதிவிட்டால், அதுவும் எஜமானன் இட்டதாகவே நிறைவேறும். இதுவே கட்டளைப் புகுத்தல். பின்னர் பெட்டி பிறரைத் தாக்கும் படையில் ஒன்றாகிறது. சொந்தக்காரருக்கோ ஒன்றும் தெரிவதில்லை.

இது வெறுங்கற்பனையன்று. டி.பி.-லிங்க் கம்பெனியின் ஆர்ச்சர் ஏ.எக்ஸ்.21 ரவுட்டரில், தேசத்தைக் குறிக்கும் இடத்தின் வழியே கடவுச்சொல் இன்றியே கட்டளை புகுத்த முடிந்தது. 2023 ஏப்ரலில் மிராய் என்னும் தீய நிரலை ஏவுவோர் அவ்வழியைக் கைக்கொண்டனர். 2024 ஏப்ரலில் டி-லிங்க் கம்பெனியின் பழைய சேமிப்புப் பெட்டிகளிலும் இத்தகைய குறை வெளிப்பட்டது. அவற்றுக்குரிய ஆதரவுக் காலம் முடிந்தது, திருத்தம் தர இயலாது, வேறு வாங்கிக்கொள்ளுங்கள் என்பதே கம்பெனியின் விடை. பணம் கொடுத்து வாங்கியவர் கதி என்ன?

வாங்குவோர் ஜாக்கிரதையாயிருக்க வேண்டும் என்று உபதேசிப்பவர் பலர். நிர்வாகப் பக்கத்தை வெளியுலகிற்குத் திறவாதிருத்தல், திருத்தங்களை உடனே ஏற்றுதல், தொழிற்சாலை இட்ட கடவுச்சொல்லை மாற்றுதல் ஆகியவை நம் கடமையே. ஆயினும் சிவகாசியில் பட்டாசு விற்கும் வியாபாரி பெட்டியைத் திறந்து நிரலைப் பரிசோதிக்க வல்லவரோ? விலாசத்தைக் கட்டளையினின்று பிரித்து வைப்பதும், எண்களும் புள்ளிகளும் வரவேண்டிய இடத்தில் வேறெதையும் ஏற்காதிருப்பதும் செய்பவன் கையில் உள்ளன. இக்குறையை உற்பத்தியாளரே தடுக்கக்கூடும் என்று அமெரிக்க சர்க்காரின் பாதுகாப்பு ஏஜென்சிகள் 2024 ஜூலையில் வற்புறுத்தின.

நம் ஜில்லாவுக்கு இந்நியாயம் நன்கு விளங்கும். பட்டாசில் குளோரேட்டையும் கந்தகத்தையும் கலத்தலாகாது என்று 1992-இல் இந்திய சர்க்கார் தடை விதித்தது. வெடியை வாங்கிக் கொளுத்துவோர் கலவையைச் சோதித்தறிய வேண்டும் என்று அன்று எவரும் கூறவில்லை. பொறுப்பு செய்பவர் மீதே சுமத்தப்பட்டது. கண்காணிப்புக் காமிராக்களுக்கும் பாதுகாப்புச் சோதனையை வற்புறுத்தி 2024 ஏப்ரலில் அறிவிக்கை வெளிவந்தது. இது வரவேற்கத்தக்கதே.

இவ்வளவோடு நில்லாது, எந்த ஆண்டு வரை திருத்தம் தரப்படும் என்பதை ஒவ்வொரு ரவுட்டர்ப் பெட்டியின் மேலும் தமிழில் அச்சிடுமாறு விதிக்க வேண்டும். ஆதரவுக் காலத்தை வெளியிட வேண்டும் என்னும் சட்டம் பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் அமலில் உள்ளது. அங்குள்ளோருக்குக் கிட்டிய பாதுகாப்பு, இருக்கன்குடியில் தேங்காய், பழம் விற்கும் சிறு வியாபாரிக்கும் கிட்ட வேண்டும் என்பதே நமது கோரிக்கை.