மாலைப் பசி குற்றமன்று

உடல் எடையைக் குறைக்க விரும்புவோருக்கு வழங்கப்படும் உணவுப் பட்டியல்களில், 'மாலைச் சிற்றுண்டியை முற்றிலும் தவிர்க்கவும்' என்ற வரி பெரும்பாலும் இடம்பெறுகிறது. அந்த வரியோடு எனக்கு உடன்பாடு இல்லை. அதைச் சில மாதங்களேனும் கடைப்பிடித்தவர்களை நான் அரிதாகவே காண்கிறேன். கடைப்பிடிக்க இயலாதவர்களோ மருத்துவர் முன் தலைகுனிந்து அமர்கிறார்கள். உடன் வந்த மகனோ மருமகளோ, "அம்மா வாயைக் கட்டவே மாட்டேன் என்கிறார், டாக்டர்" என்று முறையிடுகிறார்கள். பழி முழுவதும் அந்த அம்மையாரின் மனவுறுதியின் மீது விழுகிறது. ஆனால் மாலை ஐந்து மணிக்கு அவர் மிக்சர் டப்பாவைத் திறப்பதற்கான காரணம், பெரும்பாலும் காலையிலும் நண்பகலிலும் அவர் உண்ட உணவிலேயே இருக்கிறது.

எடையைக் குறைக்கத் தொடங்கியவரின் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். காலையில் இரண்டே இட்லி. மதியம் ஒரு கிண்ணம் சோறு, ரசம், சிறிது பொரியல். குறைவாக உண்டோம் என்ற மனநிறைவு அவருக்கு இருக்கும், அது நியாயமானதே. ஆனால் இவ்விரு வேளையிலும் சேர்ந்து அவருக்குக் கிடைத்த புரதம் ஏறத்தாழ பத்து, பன்னிரண்டு கிராம் மட்டுமே. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 கிராம் புரதம் தேவை. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் ஆதரவில் நாடு முழுவதும் நடத்தப்பட்டு 2025-இல் வெளியான ஆய்வு, நாம் பெறும் ஆற்றலில் சுமார் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று காட்டியது. நாம் உணவைக் குறைக்கும்போதும் பருப்பு, பயறு, முட்டை, மீன் போன்றவற்றைத்தான் முதலில் குறைக்கிறோம். சோறு எப்படியோ தட்டில் நிலைத்துவிடுகிறது. புரதமும் நார்ச்சத்தும் குறைந்த உணவு விரைவில் செரித்துவிடும். பசியும் விரைவில் திரும்பும்.

இதனோடு உடலின் உள் கடிகாரமும் சேர்ந்துகொள்கிறது. அமெரிக்காவில் உடல்நலமுள்ள 12 பேரைப் பல நாள்கள் மங்கிய ஒளியில், வெளியுலகின் நேரம் தெரியாதவாறு ஆய்வகத்தில் தங்கவைத்து, உறக்கத்தையும் உணவையும் நாளின் எல்லாப் பொழுதுகளிலும் சமமாகப் பரப்பிப் பார்த்தனர். 2013-இல் வெளியான அந்த ஆய்வின்படி, உள் கடிகாரத்தின் கணக்கில் காலை எட்டு மணியளவில் பசி மிகக் குறைவாகவும், இரவு எட்டு மணியளவில் மிக அதிகமாகவும் இருந்தது. உண்டதும் உறங்கியதும் இந்த வேறுபாட்டுக்குக் காரணமல்ல. அந்தி சாயும்போது பசி கூடுவது உடலின் இயல்பு என்றே இதைக் கொள்ளவேண்டும். நம் வீடுகளிலோ மதிய உணவு ஒரு மணிக்கு, இரவு உணவு ஒன்பதரைக்கு. பசி ஏறிக்கொண்டே போகும் அந்த எட்டரை மணி நேரத்தை வெறும் தேநீரோடு கடந்துவிடுமாறு சொல்வது எளிது, கடப்பது கடினம்.

எனவே மாலையில் உண்ணுங்கள் என்றே என் நோயாளிகளிடம் சொல்கிறேன். ஆனால் எதை, எவ்வளவு, எப்போது என்பதைப் பசி வருமுன்பே தீர்மானித்துவிடவேண்டும். 100 கிராம் மிக்சரில் 500 கலோரிக்கு மேல் இருக்கிறது. தொலைக்காட்சியைப் பார்த்தபடி டப்பாவிலிருந்தே எடுத்துத் தின்பவர், அதில் பாதியை உண்டதுகூட நினைவில் நிற்பதில்லை. 'சர்க்கரை இல்லாதது' என்று உறையில் அச்சிட்ட பிஸ்கட்டிலும் மைதாவும் கொழுப்பும் அப்படியே இருக்கின்றன. மாறாக, அரைக் கிண்ணம் அவித்த கொண்டைக்கடலையில் ஏறத்தாழ 135 கலோரியும் ஏழு கிராம் புரதமும் உண்டு. தேங்காய்த் துருவலைச் சற்றுக் கைகாத்துத் தூவினால் போதும். நவராத்திரியின் ஒன்பது நாளும் கொண்டைக்கடலை, பாசிப்பயறு, காராமணி என்று விதவிதமாகச் சுண்டல் செய்யத் தெரிந்த நாம், எஞ்சிய நாள்களில் அதை மறந்துவிடுவது ஏன் என்று எனக்கு விளங்குவதில்லை. சுண்டலுக்கு ஊறவைக்க மறந்த நாளில் ஒரு அவித்த முட்டையோ, ஒரு கொய்யாவும் ஒரு குவளை மோரும் போதும். வறுத்த வேர்க்கடலையும் நல்லதே. ஆனால் 30 கிராமிலேயே 170 கலோரி இருப்பதால் அளந்து எடுக்கவேண்டும். நாலரை மணிக்கு, கிண்ணத்தில் இட்டு, அமர்ந்து உண்ணுங்கள். இரவு உணவை எட்டு மணிக்குள் முடிக்க முடிந்தால் இன்னும் நல்லது.

'அனுமதி கொடுத்தால் அளவு கூடிவிடும்' என்று அஞ்சும் மருத்துவர்கள் உண்டு. அந்த அச்சத்தில் உண்மை இல்லாமலில்லை. அளவைத் தீர்மானிக்காமல் விட்டால் சுண்டலும் எடையைக் கூட்டும். ஆயினும், முழுத் தடைக்குப்பின் இரவு பத்து மணிக்கு நிகழும் உணவு அதைவிடப் பெரியது என்பதே நான் காண்பது.

குடும்பத்தாரிடமும் ஒன்று சொல்லவேண்டும். வீடு திரும்பும் வழியில் சூடாக பஜ்ஜி வாங்கி வருவது அன்பினால்தான். எல்லோரும் அதை உண்ணும் கூடத்தில் ஒருவர் மட்டும் வெள்ளரித் துண்டுகளோடு அமர்ந்திருக்கவேண்டும் என்பது கொடுமை. சுண்டல் என்றால் வீடு முழுவதற்கும் சுண்டலாக இருக்கட்டும். அடுப்படியில் மீந்த இரண்டு தோசையை வீணாக்க மனமின்றி இரவில் உண்டு முடிப்பவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்மணியே. அவருடைய எடையைப் பற்றிப் பேசுமுன், மாவைச் சற்றுக் குறைத்து ஊற்றலாம். அல்லது மீந்ததை வேறொருவர் எடுத்து வைக்கலாம்.

நீரிழிவுக்காக இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும், கிளிமிபிரைடு, கிளிக்லசைடு வகை மாத்திரை உண்பவர்களும் எடை குறைப்புக்காக மாலை உணவைத் தாமாகவே நிறுத்தக்கூடாது. இதில் எந்தத் தளர்வும் இல்லை. மருந்தின் அளவு உங்கள் உணவு நேரத்தோடு பிணைந்தது. மாலையில் பசியோடு வியர்வை, கைநடுக்கம், படபடப்பு தோன்றினால் உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் சுண்டல் உதவாது. அது மெதுவாகவே செரிக்கும். மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். சோதிக்கும் கருவி கையில் இல்லையென்றாலும் சர்க்கரை நீரைத் தாமதிக்காதீர்கள். மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள். சிறுநீரக நோயுள்ளவர்கள் பயறு, கடலையின் அளவை மருத்துவரிடம் கேட்டபின் முடிவு செய்யவேண்டும்.

அடுத்த முறை வரும்போது, மாலை நான்கு மணி முதல் உறங்கும்வரை உண்டதையும் பருகியதையும் மூன்று நாள்களுக்கு எழுதி எடுத்து வாருங்கள். காலையிலும் மதியத்திலும் உண்டதையும் சேர்த்தே எழுதுங்கள். நான் முதலில் படிப்பது அதைத்தான்.