தேய்ந்த காசும் தேய்த்த காசும்

அமெரிக்காவில் 1893-ம் ஆண்டு சான்பிரான்சிஸ்கோ நாணயச்சாலையில் 1 லட்சம் வெள்ளி டாலர்கள்தான் அடித்தார்கள். பின்புறம் "எஸ்" என்ற சிறு எழுத்து இருக்கும். இன்று அதற்குப் பெரும் விலை.

தாத்தாவின் பெட்டியில் இப்படி ஒரு காசு அகப்பட்டால், அங்கே பலர் செய்யும் முதல் வேலை என்ன தெரியுமா? கறுப்புப் போகத் தேய்ப்பதுதான்!

அந்தக் கறுப்பு அழுக்கல்ல. காற்றிலுள்ள கந்தகம் பட்டு வெள்ளியில் படிந்த நிறம். தேய்த்தால், அச்சடித்தபோது வந்த மினுமினுப்பும் சேர்ந்து போய்விடும். பிறகு வராது.

தரம் பார்ப்பவர்கள் 1 முதல் 70 வரை மார்க் போடுகிறார்கள். பல கை மாறித் தேய்ந்த காசுக்கும் மார்க் உண்டு. தேய்த்த காசுக்குக் கிடையாது. "சுத்தம் செய்யப்பட்டது" என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள்.

கடுமைதான். ஆனால் நியாயம். கடைத்தெருவில் உழைத்துத் தேய்ந்த காசையும், புதிதுபோல் வேஷம் போட்ட காசையும் ஒரே தட்டிலா நிறுப்பது?